இல்லாத பள்ளம்

ஜூன் 10, 2025, செவ்வாய்

இன்று யார்டில் ரிப்பேருக்கு மூன்று குளிர்பெட்டி கன்டெய்னர்கள். மூன்றுக்கும் அலுமினியத் தரையில் விரிசல். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் எவனோ வீட்டுச் சண்டையைத் தரையில் காட்டியிருக்கிறான். பெட்டிக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆர்கான் வெல்டிங் வைத்தால் பனியனைப் பிழிந்து காயப்போடலாம். கத்திரி முடிந்துவிட்டது என்பது காலண்டருக்குத்தான் தெரியும், திருவொற்றியூருக்குத் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் பிலால் போன் செய்தான். "இன்னா மாமு, பக்ரீத் பிரியாணி செரிச்சுதா?" சனிக்கிழமை அவன் வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டது. செரித்தது என்றேன்.

"அப்ப மேட்டருக்கு வரேன். டாக்டரு சைக்கிள் ஓட்டலாம்னுட்டாரு. ரேஸ் சைக்கிள் ஒண்ணு புதுசா பாக்கணும். நீ ஓட்டிப் பாத்துச் சொல்லு. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே உயரம், உனக்கு செட்டானா எனக்கும் செட்டாவும்."

ஏழு மாதமாக இந்தச் செய்திக்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன். தொடை எலும்பில் கம்பி வைத்து, இடுப்புக்கு மாவுக்கட்டு போட்டு, சுவரைப் பிடித்து நடந்து, இப்போது கைத்தடி வரை வந்திருக்கிறான். துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா நான்? "பாக்கலாம்டா" என்று மட்டும் சொன்னேன். மீதிச் சோற்றை நாய்க்கு வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

வேலை. வீடு. பிலாலின் போனை இரண்டு தடவை எடுக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

எத்தனை நாள் ஒளிவது? ராயபுரம் போனேன்.

ஸ்டானிஸ்லாஸ் கடை. பத்து வருடமாக எங்கள் இரண்டு சைக்கிளுக்கும் அவர்தான் வைத்தியர். பிலால் ஆட்டோவில் வந்து இறங்கினான், கூட அவன் மனைவி மெஹ்னாஸ். புதிதாகக் கண்ணாடி போட்டிருக்கிறான். தார்ப்பாய் தைக்கிறவனுக்கு இதுநாள் வரை ஊசியில் நூல் கோக்கக்கூடக் கண்ணாடி தேவைப்பட்டதில்லை. எதற்கு என்று கேட்கவில்லை நான்.

மெஹ்னாஸ் தனியாக என்னிடம் வந்தாள். "அண்ணே, நீங்க கூடப் போறீங்கன்னாத்தான் நான் வுடுவேன். இல்லாகாட்டி இந்த வண்டி எங்க வூட்டு வாசப்படி ஏறாது."

மூன்று சைக்கிள் எடுத்து வைத்திருந்தார் ஸ்டானிஸ்லாஸ். ஒன்று அலுமினியம், ஒன்று இரும்பு, ஒன்று கார்பன். மூன்றையும் ஒவ்வொன்றாகக் காசிமேடு வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். மீன் ஏலம் முடிந்து ஐஸ் வண்டிகள் தண்ணீர் ஒழுக்கிக்கொண்டு போகிற நேரம். கார்பனை மிதித்தால் பறக்கிறது, ஆனால் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் பயந்து செத்தேன். அலுமினியம் வெடுக்கென்று கிளம்புகிறது, உள்ளங்கை அதிர்கிறது. இரும்பு கொஞ்சம் கனம், ஏறி உட்கார்ந்தால் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கலாம் போலிருந்தது. நவம்பருக்குப் பிறகு நான் சைக்கிளையே தொடவில்லை. ஐந்து நிமிடம் எல்லாம் மறந்துவிட்டது. காற்று முகத்தில் அடிக்கிறது, கியர் விழுகிறது, நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமில்லாத உடம்பு.

திரும்பியதும் பிலால் தடியை ஊன்றி எழுந்தான். நோன்பு திறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது சமோசாவைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. "எப்டி கீது?"

"இரும்பை எடு" என்றேன்.

"இரும்பு கொஞ்சம் வெயிட்டு. ஆனா ஆயுசு கெட்டி" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"வேணாம் நைனா. எனக்கு அலுமினியந்தான். கார்பன் ஒடஞ்சா குப்பை. அலுமினியம் ஒடஞ்சா ஒட்றதுக்கு எம்மாமு கீறான். மெட்ராஸ்ல இவன மாதிரி அலுமினியம் ஒட்ற கை யாருக்குக் கீது?"

என் தோளில் கை போட்டுக்கொண்டுதான் சொன்னான். ஸ்டானிஸ்லாஸ் என்னைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். அடுத்த வாரம் முடிவு செய்யலாம் என்று சொல்லி நான்தான் எல்லோரையும் கிளப்பினேன்.

ஜூன் 16, திங்கள்

இதை எங்கேயும் எழுதியதில்லை. ஷிப்பிங் கம்பெனி ஓசியில் கொடுத்த டைரி, நான் மட்டும் படிக்கிற டைரி, இதில்கூட எழுதாமல் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். எழுதுகிறேன்.

போன செப்டம்பரில் பிலாலின் பழைய அலுமினிய ஃப்ரேமில், பெடல் அச்சுக்கு மேலே, ஒரு மயிரிழை விரிசல். "இதோட கதை முடிஞ்சுது பாய், வேற வாங்கிக்க" என்றார் ஸ்டானிஸ்லாஸ். பிலால் வாங்கத்தான் இருந்தான். புதுசு எந்தக் கலர் என்றுகூட முடிவு செய்துவிட்டான். நடுவில் நான் புகுந்தேன். "கப்பல்ல போற பெட்டியையே ஒட்றவன் நானு. இத்தினியூண்டு குழாய்க்குப் போய் புதுசு வாங்குவியா?" இதே வார்த்தை. இருபது வருடக் கைத்தொழில் தலைக்கு ஏறிப் பேசியது.

யார்டிலேயே ஒட்டினேன். அழகான தையல், மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக. பிறகு எங்கள் முறைப்படி லைட் டெஸ்ட். கன்டெய்னரில் ஒட்டுப் போட்டால் ஓர் ஆளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவோம். இருட்டில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் வேலை தள்ளுபடி. தெரியாவிட்டால் பாஸ், பெட்டியைச் சோதிக்கிற சர்வேயர் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார். நான் சீட் கம்பியைக் கழற்றி, குழாய்க்குள் சின்ன டார்ச்சை இறக்கி, பிலால் தைத்த தார்ப்பாயையே தலையோடு போர்த்திக்கொண்டு பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பாஸ் என்றேன். பிலால் சிரித்துக்கொண்டே சாக்பீஸ் வாங்கி ஃப்ரேமின்மேல் 'பாஸ்' என்று எழுதினான்.

தண்ணீர் புகுமா என்று பார்க்கிற சோதனை அது. மனிதன் ஏறி மிதிக்கிற பொருளுக்கு அந்தச் சோதனை போட்ட ஒரே முட்டாள் நான்தான். கப்பல் பெட்டி சும்மா உட்கார்ந்திருக்கும். சைக்கிள் குழாய் ஒவ்வொரு மிதிக்கும் உதை வாங்கும். வெல்டிங் சூட்டில் பக்கத்து அலுமினியம் தளர்ந்துபோகும், கம்பெனியில் அதை மறுபடி அடுப்பில் வைத்துக் கெட்டியாக்குவார்கள் என்று பின்னால்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முன்னால் விசாரித்திருக்கலாம். யாரும் வாயைக் கட்டிவைக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு, விடியற்காலை. எக்ஸ்பிரஸ் ரோட்டில் எண்ணூரைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் வழக்கம்: ஒருவன் முன்னால், ஒருவன் ஒட்டிப் பின்னால். முன்னால் போகிறவன் பள்ளம் வந்தால் இடது கையைக் கீழே காட்டுவான். பின்னால் வருகிறவன் ரோட்டைப் பார்க்க மாட்டான், அந்தக் கையைத்தான் பார்ப்பான். அன்றைக்கு பிலால் முன்னால். கை இறங்கவில்லை. படக்கென்று ஒரு சத்தம், அவன் ரோட்டில் கிடந்தான். பின்னால் வந்த டிரெய்லர் கிறீச்சிட்டுப் பத்தடி தள்ளி நின்றது. அந்த டிரைவர் யாரோ, நல்லா இருக்கட்டும்.

நான் ஓடிப் பார்த்தபோதே குழாய் ஒடிந்திருந்தது. என் தையல் அப்படியே இருந்தது. அதற்கு ஒரு விரல் பக்கத்தில் ஒடிந்திருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. "இன்னாபா ஆச்சு?" என்று ஒருவர் கேட்டார். "பள்ளம்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. பிலால் வலியில் கத்திக்கொண்டிருந்தான், அவனும் கேட்டான். அன்றிலிருந்து அது பள்ளம்தான். உடைந்த சைக்கிளை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஒடிந்த இடத்தை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு மீதியைக் காயலான் கடையில் போட்டேன். அந்தத் துண்டு யார்டில் என் பெட்டியில் துணி சுற்றிக் கிடக்கிறது. ஏன் வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என்னுடையதற்கு எட்டாவது மாதம் நடக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றான் பிலால். ஆட்டோவில் போனோம்.

இறங்கித் தடியை ஊன்றி ரோட்டோரமாக நடந்தான். வலது பக்கம் கடல், கருங்கல் கொட்டிய கரை. இடது பக்கம் வரிசையாக நிற்கிற டிரெய்லர்கள். கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு தரையையே பார்த்து நடந்தான். "அந்த லைட்டு கம்பத்துக்கும் இந்தக் கம்பத்துக்கும் நடுவுலதானே மாமு?"

ஆமாம் என்றேன். ரோடு தட்டையாக இருந்தது. அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது.

"மூடிட்டானுங்க. நான் மனு போட்டேன்ல, அதான்" என்றான் பெருமையாக. மூன்று மனு போட்டானாம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி. எனக்கு இன்றுதான் தெரியும்.

பிறகு நின்று என்னைப் பார்த்தான். "ஒண்ணு கேக்கறேன், உண்மைய சொல்லு. எம்மாம் பெருசு கீது அந்தப் பள்ளம்?"

இதோ, இப்போது சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல் என்று அவனே கேட்டான். நான் என்ன செய்தேன்? இரண்டு கையையும் விரித்து, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் காட்டினேன். இல்லாத பள்ளத்துக்குக் கையால் அளவு காட்டினேன்.

"அம்மாம் பெருசா" என்றான். "நான் பாக்கலியே மாமு. கண்ணு அவிஞ்சுபோச்சா எனக்கு? நீ என் கையை நம்பித்தானே பின்னால வந்துகினு இருந்த. உன்னியும் சேத்து சாவடிச்சிருப்பேன். மன்னிச்சுக்கோ."

கண்ணாடி எதற்கு என்று இப்போது தெரிந்துவிட்டது.

ஜூன் 23, திங்கள்

மன்னிப்புக் கேட்டவன் அவன்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று பிலாலே ஓட்டிப் பார்த்தான்.

ஸ்டானிஸ்லாஸ் அலுமினிய சைக்கிளின் சீட்டைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தார். நான் பின்னால் பிடித்துக்கொண்டேன், பிறகு விட்டேன். கால் நன்றாகச் சுற்றுகிறது. மெஹ்னாஸ் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் அவன் தலை நிமிரவில்லை. கண்ணை முன்சக்கரத்துக்கு இரண்டடி முன்னால் நட்டு வைத்திருந்தான். சாக்கடை மூடிக்கு ஒரு பிரேக். மரநிழலுக்கு ஒரு பிரேக். யாரோ ஊற்றிய தண்ணீருக்கு ஒரு பிரேக். நூறு அடி போவதற்குள் ஏழு தடவை நின்று, கடைசியில் இறங்கிவிட்டான். சட்டை நனைந்திருந்தது.

"கால்ல ஒண்ணும் இல்ல மாமு" என்றான். "ரோட்டைப் பாக்க தெரியல. எங்க பாத்தாலும் பள்ளமா தெரியுது. என்னை நம்பி நானே ஏற மாட்டேன், நீ எப்டி பின்னால வருவ?"

பதினைந்து வருடம் லாரிகளுக்கு நடுவில் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டியவன். அவன் காலை நான் உடைத்தேன், அது கூடிவிட்டது. பள்ளம் என்ற அந்த ஒரு வார்த்தை உடைத்தது கூடவில்லை. இன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது.

அவர்கள் போன பிறகு ஸ்டானிஸ்லாஸ் கேட்டார். "பீமு, அந்தப் பழைய ஃப்ரேமை இன்னா பண்ண?"

"காயலான் கடைல போட்டேன்."

"முழுசாவா?"

வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

ஜூலை 2, புதன்

இன்று லைட் டெஸ்டுக்கு உள்ளே போனது நான். கதவைச் சாத்தினார்கள். கும்மிருட்டு. என் வேலை சுத்தம், எங்கேயும் ஒரு துளி வெளிச்சம் இல்லை. "ஓகேவா?" என்று வெளியிலிருந்து தட்டினார்கள். உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். மறுபடி தட்டிக் கதவைத் திறந்துவிட்டார்கள். கண்ணில் பொறி பட்டது என்று சொன்னேன். பொய் சொல்ல எனக்கு இப்போது யோசிக்கக்கூட வேண்டியதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பிலால் போன். குரலில் உற்சாகம். யானைக்கவுனிப் பக்கம் ஒருவர் பழைய ரேஸ் சைக்கிள் விற்கிறாராம். நல்ல அலுமினிய ஃப்ரேம், அச்சுக்கிட்ட மட்டும் சின்ன விரிசல்.

"எடுத்துட்டேன் மாமு. வெள்ளிக்கெழம என் கடைக்கு வருது. நீ கை வச்சா புதுசு."

"எதுக்குடா? புதுசு பாத்தமே."

"பள்ளம் பாக்க தெரியாதவனுக்கு புதுசு ஒரு கேடா? இதுல ஓட்டிப் பழகறேன். வுழுந்தாலும் பேஜாரு இல்ல."

சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஷாலுவிடம் சொல்லிவிட்டேன். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவளிடம் மறைத்த ஒரே விஷயம். இரவு வேலை முடிந்து மருந்துக்கடையிலிருந்து வந்தவள், நான் தட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னான்னு சொல்லு, இல்ல தட்டை எடுத்துர்றேன்" என்றாள். எல்லாவற்றையும் கொட்டினேன்.

ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேனா? சொல்லவில்லை.

"சொன்னா அவரு உன் சகவாசத்தையே வுட்டுருவாரு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"சொல்லாகாட்டி வெள்ளிக்கெழம அதை ஒட்டித் தருவியா?"

"மாட்டேன்."

"மாட்டேன்னா ஏன்னு கேப்பாரு. அப்ப இன்னா சொல்லுவ, இன்னொரு பள்ளமா?" தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மோர் கொண்டுவந்து வைத்தாள்.

ஜூலை 10, வியாழன்

அந்தத் துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கையில் பிடித்தால் ஒன்றுமே இல்லை, அவ்வளவு லேசு.

ஜூலை 11, வெள்ளி

அரை நாள் லீவு போட்டேன். ஜும்மா முடிந்து பிலால் தன் தார்ப்பாய்க் கடையைத் திறக்கும் நேரத்துக்குத் தண்டையார்பேட்டை போய்விட்டேன். பழைய ஃப்ரேம் மேசைமேல் தயாராக இருந்தது. பக்கத்தில் எனக்காக டீயும் சமோசாவும். பக்கத்திலேயே ஒரு சாக்பீஸ். பாஸ் எழுதுவதற்கு.

உட்காரவில்லை. நின்றுகொண்டே துணியைப் பிரித்து அந்தத் துண்டை மேசையில் வைத்தேன். "பள்ளம் இல்லடா" என்றேன். "பள்ளமே இல்ல. இது ஒடஞ்சுது. நான் ஒட்டினது."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரலால் தடவினான். தையல்மேல் ஒருமுறை, ஒடிந்த விளிம்பில் ஒருமுறை.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"வுழுந்த அன்னிக்கே."

"தையல் நின்னுகினு கீது. பக்கத்துல போயிருக்குது." தார்ப்பாயைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் சொன்னான். "தார்ப்பாயும் அப்டித்தான். தையல் கிழியாது, ஊசி பட்ட எடத்துக்குப் பக்கத்துலதான் கிழியும். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"மன்னிச்சுக்கோ பிலாலு."

"ஒட்டுனதுக்கா?"

துண்டைச் சுற்றியிருந்த துணியை மடித்துக்கொண்டே நின்றேன்.

"ஒட்டுனது போவட்டும். ஆசையா ஒட்டின, ஒடஞ்சுது. நானும் சரின்னு தலையாட்டினவன்தான். அன்னிக்கு எனக்கு எதிர்ல சொல்லியிருந்தா ஒரு வாரம் திட்டியிருப்பேன், அவ்ளோதான்." குரல் உடைந்தது. "எட்டு மாசமா நான் படுத்துகினு யோசிச்சேன்டா. எங்க பாத்துகினு இருந்தேன், ஏன் பாக்கல, ஏன் கை காட்டலன்னு. அல்லாகிட்ட கண்ணு கேட்டு துவா செஞ்சேன். உன்னை சாவடிக்கப் பாத்தேன்னு உங்கிட்டயே மன்னிப்பு கேட்டேன். நீ கையை விரிச்சு அளவு காட்டின."

ஆமாம் என்றேன்.

"போயிடு."

நான் நின்றேன். "போயிடு மாமு" என்றான் மறுபடி. மாமு என்றுதான் சொன்னான். டீ அப்படியே இருந்தது.

இன்னா எழுதறது. நடந்தே வூட்டுக்கு வந்தேன். தண்டையார்பேட்டைலேர்ந்து வியாசர்பாடி வரைக்கும் ரோட்டை பாத்துகினே வந்தேன். எம்மாம் பள்ளம் கீது இந்த ஊர்ல, ஒண்ணுமே நான் சொன்ன எடத்துல இல்ல. சொன்னா லேசாயிடும்னு சொல்றவன் எவன்? லேசாவல. ஒண்ணும் லேசாவல.

ஜூலை 13, ஞாயிறு

போன் இல்லை.

ஜூலை 19, சனி

நான்கு தடவை போன் செய்தேன். ஐந்தாவது தடவை மெஹ்னாஸ் எடுத்தாள். "அண்ணே" என்றுதான் ஆரம்பித்தாள். "இனிமே பண்ணாதீங்கண்ணே. அவரு சாப்புடறாரு, கடைக்குப் போறாரு. உங்க பேரை எடுத்தா எழுந்து போயிடறாரு. எனக்கும் மனசு ஆறல, உண்மைய சொல்றேன். நீங்க கூடப் போறீங்கன்னு தானே வுட்டேன்."

வைக்கப் போனவள், "கண்ணாடியைக் கழட்டி பீரோவுல வச்சுட்டாரு" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

இன்னொன்றும் எழுதிவைக்கிறேன். பக்கத்து பிளாக் ஆள் ஒருவர் மகனின் சைக்கிள் ஃப்ரேமை ஒட்டித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். முடியாது என்றேன். ரொம்பத்தான் பிகு பண்ணுகிறான் என்று படியிறங்கும்போது சொல்லிக்கொண்டே போனார். போகட்டும்.

ஆகஸ்ட் 9, சனி

என்னுடைய பழைய சைக்கிளுக்கு பிரேக் கம்பி மாற்ற ஸ்டானிஸ்லாஸ் கடைக்குப் போனேன். காரணம் பிரேக் கம்பிதானா? எனக்கே நம்பிக்கை இல்லை.

அவர் கம்பியைக் கோத்துக்கொண்டே சொன்னார். "பாய் வந்தாரு. போன வாரம்."

"ம்."

"தடி இல்லாம வந்தாரு. அந்த இரும்பு சைக்கிளை எடுன்னாரு. காசிமேடு வரைக்கும் ஒரு ரவுண்டு. வந்தாரு, பத்தலன்னு இன்னொரு ரவுண்டு. தலையைத் தூக்கிகினு ஓட்டினாரு பீமு. முன்ன எப்டி ஓட்டுவாரோ அப்டி. மூணாவது ரவுண்டுக்கு எங்கிட்ட கேக்கவே இல்ல."

சந்தோஷம் வந்தது. நிஜமாகவே வந்தது.

"ஒரே ஒரு கேள்வி கேட்டாரு" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "இதுல வெல்டிங் கீதான்னாரு. எல்லாக் குழாயும் வெல்டிங்தான் பாய்ன்னேன். யாரு வச்சதுன்னாரு. கம்பெனின்னேன். அப்ப சரின்னு வாங்கிகினு போயிட்டாரு."

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா என்று கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"இல்ல" என்றார். காசு வாங்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஷாலு ஐந்து மணிக்கே எழுப்பி, "போய் ஓட்டு. வூட்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுகினு இருந்தா எனக்குத்தான் பேஜாரு" என்றாள். தனியாக விம்கோ நகர் வரை போய்த் திரும்பினேன். முன்னால் கை காட்ட ஆள் இல்லாமல் ஓட்டுவது புது ரோட்டில் ஓட்டுவது போல இருக்கிறது. இரண்டு பள்ளத்தில் இறக்கினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று பார்த்தேன்.

ஆறு மணி இருக்கும். எக்ஸ்பிரஸ் ரோட்டில் எண்ணூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன். டிரெய்லர்கள் இன்னும் கிளம்பவில்லை. முன்னால் நூறு அடியில் ஒரு சைக்கிள். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இடது தோளைக் கொஞ்சம் இறக்கித்தான் ஓட்டுவான், எப்போதும். கண்ணாடி இல்லை. தலை நிமிர்ந்து, வலது பக்கம் சூரியன் வருவதைப் பார்த்துக்கொண்டு போகிறான். தலை தாளத்துக்கு ஆடியது, பாட்டாகத்தான் இருக்கும்.

முந்திப் போக எனக்கு யோக்கியதை இல்லை. திரும்பிப் போக மனமும் இல்லை. அதே தூரத்தில் பின்னால் போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவன் விழுந்த அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில் இரண்டு பேரும் கடந்தோம், அவன் முதலில், நான் பிறகு. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.

எண்ணூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு. அங்கே ஒருமுறை தலையை லேசாகத் திருப்பினான். என்னைப் பார்த்தானா, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்தானா? நான் கையைத் தூக்கவில்லை. அவன் நிற்கவில்லை, வேகமாகவும் போகவில்லை.

வளைவு தாண்டி அவன் சைக்கிள் சட்டென்று வலது பக்கம் ஒதுங்கியது. இடது கை ஹேண்டிலை விட்டுக் கீழே இறங்கியது. விரலை நீட்டி ரோட்டைக் காட்டியது. ஒரு நொடி அப்படியே இருந்தது, பிறகு ஹேண்டிலுக்குப் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது அங்கே ஒரு பள்ளம் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு. விலகி ஓட்டினேன்.

மீதித் தூரத்தை மெதுவாகவே மிதித்தேன், எண்ணூர் போனபோது அவன் இல்லை. டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். ஷாலு என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, பிலால் நன்றாக ஓட்டுகிறான் என்றேன்.